சட்டம் படிக்காதவர்களின் நீதிமன்றம்



இங்கிலாந்து நீதிமன்றம் என்றால் வெள்ளைப் பொய்முடியும் கறுப்பு அங்கியும்தான் நம் கண்முன் வரும். அந்த ஊரில் குற்றம் சாட்டப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பொய்முடியைப் பார்க்காமலே வழக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடக்கும் குற்ற வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. சில ஊர்களில் சம்பளம் வாங்கும் மாவட்ட நீதிபதி ஒருவர் தனியாக உட்காருவார். மற்றபடி அங்கே இருப்பவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியை, கடை வைத்திருப்பவர், வங்கியில் வேலை பார்ப்பவர் போன்றவர்கள். சட்டப் பட்டம் தேவையில்லை. சம்பளமும் கிடையாது, பயணப்படியும் சாப்பாட்டுச் செலவும் கிடைக்கும். ஆண்டுக்குக் குறைந்தது 13 நாள் வந்து உட்கார வேண்டும். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

கொலை, கொள்ளை போன்ற பெரிய வழக்குகள் கிரௌன் கோர்ட்டுக்குப் போகும். அங்கே பொய்முடி உண்டு. ஆனால் அந்தப் பொய்முடிக்காரர் 'குற்றவாளி' என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல வாக்காளர் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் பொறுக்கியெடுத்த 12 பேர் வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் நிறைகுறைகளைப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். சாமானியன் வெள்ளந்தி, வக்கீல் வஞ்சகன் என்ற பழைய கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. சட்டம் தெரியாமலிருப்பது ஒரு தகுதி ஆகாது. வேறு சிலரோடு உட்கார்ந்து, கூண்டில் நிற்பவரை நேரில் பார்த்து, ஊரறிய வாதங்களைக் கேட்டு, தங்களுக்குள் மல்லுக்கட்டி ஒரு முடிவுக்கு வருகிறார்களே, சாமானியரின் பலமெல்லாம் அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. இன்றைய பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே இருக்கும்.

முதலில் மாஜிஸ்திரேட்டுகள். இவர்களுடைய பூர்விகம் 1361. மூன்றாம் எட்வர்டு காலத்துச் சட்டம் அது. அதன் ஒரு பகுதி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒருவரைத் தண்டிக்காமலே, ஒழுங்காக இருப்பேன் என்று பிணை எழுதி வாங்க அதைப் பயன்படுத்துகிறார்கள். மூன்று பேர் மேடையில் உட்காருவார்கள். நடுவில் இருப்பவர் மட்டும் பேசுவார். அவர்களுக்குக் கீழே சட்டம் படித்த ஆலோசகர் ஒருவர் இருப்பார். சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவர் எடுத்துச் சொல்லலாம். இந்த ஆள் செய்தானா இல்லையா என்பதில் வாய் திறக்கக் கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டினார் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வழக்கு கவிழ்ந்துவிடும்.

நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்பட்டதாகக் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்ற வாசகத்தை நம்மூர் வக்கீல்கள் தினமும் சொல்கிறார்கள். அது பிறந்தது இப்படிப்பட்ட சின்னக் கோர்ட் ஒன்றின் வழக்கிலிருந்துதான் என்பது பலருக்குத் தெரியாது. சஸ்ஸெக்ஸில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. தாறுமாறாக ஓட்டியதாக மெக்கார்த்தி என்பவர் மீது வழக்கு. மாஜிஸ்திரேட்டுகள் உள்ளறைக்குப் போகும்போது குமாஸ்தாவும் கூடவே போனார். அந்தக் குமாஸ்தா பங்குதாரராக இருந்த வக்கீல் கம்பெனி, அதே விபத்துக்காக மெக்கார்த்தியிடம் நஷ்டஈடு கேட்கும் கட்சிக்கு ஆஜராகிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாஜிஸ்திரேட்டுகளும் அவரை எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் 1923-ல் தலைமை நீதிபதி ஹீவர்ட், அந்த வாசகத்தைச் சொல்லி, தண்டனையை ரத்து செய்தார்.

மாஜிஸ்திரேட்டுகளின் பெரிய குறை, அவர்கள் யார் என்பதில் இருக்கிறது. பல நூற்றாண்டுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நிலக்கிழார்கள். அவர்களுடைய காட்டில் முயல் பிடித்த ஏழைக்குத் தீர்ப்பு சொன்னதும் அவர்களோ அவர்களைப் போன்ற பக்கத்து நிலக்கிழாரோதான். பெண்கள் 1919 சட்டத்துக்குப் பிறகே வந்தார்கள்; ஸ்டேலிபிரிட்ஜ் மேயர் ஏடா சம்மர்ஸ் அந்த ஆண்டின் கடைசி நாளில் முதலில் உட்கார்ந்தார். இன்று பெண்கள் பாதிக்கும் மேல். வயதுதான் இடிக்கிறது. மிகப் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள், கூண்டில் நிற்பவர்களோ பெரும்பாலும் அவர்களைவிட இளையவர்கள். வேலைக்குப் போகிறவன் ஆண்டுக்கு 13 நாள் லீவு கேட்டால் எந்த முதலாளி சிரித்த முகத்தோடு தருவான்? இருபது ஆண்டுகளுக்கு முன் 30,000-ஐ நெருங்கியிருந்த எண்ணிக்கை இப்போது அதில் பாதிதான்.

இனி ஜூரி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

1670-ஆம் ஆண்டு ஆகஸ்ட். லண்டனில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் தொழுகைக் கூடத்தைச் சிப்பாய்கள் பூட்டிவிட்டார்கள். வில்லியம் பென் என்ற இளைஞர் கிரேஸ்சர்ச் தெருவிலேயே நின்று பிரசங்கம் செய்தார். அவரையும் வில்லியம் மீட் என்பவரையும் பிடித்து, சட்டவிரோதமாகக் கூட்டம் கூடினார்கள் என்று ஓல்டு பெய்லியில் நிறுத்தினார்கள். அவர்கள் தொப்பி இல்லாமல் வந்தார்கள். தொப்பியை மாட்டிவிடு என்று நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். மாட்டிய பிறகு, கோர்ட்டில் தொப்பி அணிந்து அவமதித்தார்கள் என்று ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டார்கள். வழக்கின் தரம் அப்போதே தெரிந்துவிட்டது. எந்தச் சட்டத்தின்படி என்மேல் குற்றம் சாட்டுகிறீர்கள் என்று பென் கேட்டார். பொதுச் சட்டம் என்றார்கள். அது எங்கே இருக்கிறது என்று விடாமல் கேட்டதும், அவரை ஓரத்தில் இருந்த அடைப்புக்குள் தள்ளிவிட்டார்கள்.

ஜூரி வெளியே வந்து, பென் கிரேஸ்சர்ச் தெருவில் பேசினார், அவ்வளவுதான் என்றது. 'சட்டவிரோதமான கூட்டத்தில்' என்ற சொல்லை அவர்கள் வாயிலிருந்து பிடுங்க நீதிபதிகள் படாதபாடு பட்டார்கள். திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். இரண்டு இரவு பூட்டி வைத்தார்கள். சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, குளிருக்கு நெருப்பு இல்லை. கடைசியில் 12 பேரும் சொன்னது: குற்றவாளி இல்லை. கோபத்தில் ஜூரர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு 40 மார்க் அபராதம், கட்டும் வரை நியூகேட் சிறை. எட்வர்டு புஷல் என்ற ஜூரரும் வேறு சிலரும் கட்ட மறுத்து, ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். தலைமை நீதிபதி வாகன் அவர்களை விடுவித்தார். சாட்சியத்தை எடைபோடுவது ஜூரியின் வேலை. எடைபோட்டதற்காக அவர்களைத் தண்டித்தால் பிறகு ஜூரி எதற்கு என்பதே அவருடைய நியாயத்தின் சாரம். அன்றிலிருந்து இன்றுவரை, சொன்ன தீர்ப்புக்காக ஆங்கில ஜூரரை யாரும் தண்டிக்க முடியாது. பென் பிறகு அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவப் போய்விட்டார். புஷலுக்கு ஓல்டு பெய்லி சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

காரணம் கேட்க முடியாத அதிகாரம் கைக்கு வந்ததும் ஜூரிகள் அரைகுறையாகச் சட்டம் இயற்றவும் தொடங்கிவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், வீட்டுக்குள் புகுந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. திருடு போனது எவ்வளவு பெரிய பொருளானாலும் ஜூரி பல வழக்குகளில் அதற்கு 39 ஷில்லிங் என்று விலை போடும். எல்லாருக்கும் பொய் என்று தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சட்டப் புத்தகத்தில் தூக்கு இருந்தது. நடைமுறையில் 12 கடைக்காரர்கள் அதை அடித்துவிட்டார்கள். நாடாளுமன்றம் அதைப் புத்தகத்திலிருந்து அடிக்க நெடுங்காலம் ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டிலும் இது நடந்தது. பிள்ளை பெற்ற கொஞ்ச நாளில் மனம் கலங்கிக் குழந்தையைக் கொன்ற தாயைக் கொலைகாரி என்று சொல்ல ஜூரிகளுக்கு மனம் வரவில்லை. 1922-ல் சிசுக்கொலை என்று தனிக் குற்றம் வந்தது. கார் ஓட்டி ஆளைக் கொன்றவனைக் கொலையொத்த குற்றத்துக்குத் தண்டிக்கவும் அவர்கள் தயங்கினார்கள். தானும் நாளைக்கு ஸ்டியரிங் பிடிக்கப்போகிறோம் என்ற பயம்தான், வேறென்ன! 1956-ல் ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தல் என்று புதிய குற்றம் எழுதினார்கள். முதல் உதாரணத்தில் இரக்கம், இரண்டாவதில் சுயநலம். இரண்டையும் ஒரே வாசல் வழியாகத்தான் கொண்டுவருகிறது ஜூரி. அதைப் புகழ்கிறவர்கள் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

1985-ல் கிளைவ் பான்டிங் வழக்கு. ஃபாக்லாந்து போரில் மூழ்கடித்த பெல்கிரானோ கப்பல் பற்றிய தகவல்களை எம்.பி. ஒருவருக்கு அனுப்பிய பாதுகாப்புத் துறை அதிகாரி அவர். அரசின் நலன் என்றால் ஆளும் அரசு எது என்று சொல்கிறதோ அதுதான் என்ற பொருளில் நீதிபதி ஜூரிக்கு விளக்கினார். ஜூரி கேட்டுக்கொண்டது, விடுதலை செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் அரசு, வழக்குக்கு அடிப்படையாக இருந்த அரசு ரகசியங்கள் சட்டத்தையே மாற்றி எழுதியது. கசியவிட்டதில் பொதுநலன் இருந்தது என்று வாதிட 1989 சட்டம் வழி வைக்கவில்லை. ஜூரியும் நாடாளுமன்றமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கடைசி வார்த்தை நாடாளுமன்றத்துக்கு, அடுத்த வழக்கு வரும் வரை.

காரணம் சொல்லாத அதிகாரம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஆங்கிலேயர்களே ஒரு கோமாளிக் கதை வைத்திருக்கிறார்கள். 1994-ல் ஒரு தம்பதியைக் கொன்ற வழக்கு; ஜூரர்களை இரவு பிரைட்டன் ஹோட்டலில் தங்கவைத்தார்கள். அதில் நாலு பேர் எழுத்துகளை வட்டமாக அடுக்கிக் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, செத்துப்போனவரின் ஆவியை அழைத்து யார் கொன்றது என்று கேட்டார்கள். மறுநாள் 'குற்றவாளி'. விஷயம் வெளியே வந்ததும் மறுவிசாரணைக்கு உத்தரவானது. இரண்டாவது ஜூரியும், ஆவியின் உதவி இல்லாமலே, குற்றவாளி என்றது. நீங்கள் சிரிப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஜூரி அறையில் நடந்ததை விசாரிக்க அன்றைய சட்டம் விடவில்லை. ஹோட்டல் அறை ஜூரி அறை இல்லை என்பதால்தான் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் இதைக் கையில் எடுக்க முடிந்தது. ஜூரி அறையிலேயே தம்ளரைக் கவிழ்த்திருந்தால்?

புரிதலும் ஒரு பிரச்சினை. பேராசிரியர் செரில் தாமஸ் நிஜ ஜூரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010-ல் வந்தது. நீதிபதி வாயால் சொன்ன சட்ட விளக்கத்தை முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் 31 சதவீதம். அதையே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தபோது 48. பாதிகூட இல்லை. ஆனால் ஒரு தாளுக்கே இவ்வளவு மாற்றம் என்றால் குறை கேட்டவர்களிடம் மட்டும் இல்லை. லண்டன் ஜூபிலி ரயில் பாதை மோசடி வழக்கு 2003-ல் தொடங்கி 21 மாதம் இழுத்து, சுமார் 6 கோடி பவுண்டைத் தின்றுவிட்டு 2005-ல் சரிந்தது. ஜூரிக்கு மோசடிக் கணக்கு புரியாது என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகு ஜூரர்களிடம் பேசிப் பார்த்தால், சாட்சியம் நன்றாகவே புரிந்திருக்கிறது. வழக்கை நடத்தியவர்களுக்குத்தான் முடிக்கத் தெரியவில்லை.

ஜூரி ஆங்கிலேயரோடு கப்பலேறி நம் பக்கமும் வந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் திரைப்பட நடிகர்கள் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றது சென்னை உயர் நீதிமன்ற ஜூரி. ஜூரி காரணம் எழுதுவதில்லை, ஆகவே அப்பீலில் பிடித்துப் பேசப் பெரும்பாலும் நீதிபதி அவர்களுக்குச் சொன்ன விளக்கம்தான் மிஞ்சும். பிரிவி கவுன்சில் வரை போய் 1947-ல் விடுதலை கிடைப்பதற்குள் இரண்டு பேரும் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார்கள். 1959-ல் கொலை வழக்கில் நின்ற கடற்படை அதிகாரி நானாவதியை பம்பாய் ஜூரி விட்டது. மேல் நீதிமன்றங்கள் தண்டித்தன. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று.

இலங்கையில் அது தொடர்கிறது. 1992-ல் மட்டக்களப்புப் பக்கம் மயிலந்தனையில் 35 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட ராணுவத்தினர் ஜூரி கேட்டார்கள். 2002-ல் கொழும்பில் சிங்களம் பேசும் ஜூரர்கள் விடுதலை என்றார்கள். மறுபடி யோசியுங்கள் என்று நீதிபதி அனுப்பினார். போய்விட்டு வந்து மறுபடியும் விடுதலை என்றார்கள். புஷல் செய்ததும் இதே காரியம்தான். பார்வைக்கு அச்சு அசலாக ஒன்று. 'சமமானவர்களின் தீர்ப்பு' என்று ஆங்கிலேயர் பெருமையாகச் சொல்வதில், யாருக்குச் சமமானவர்கள் என்ற கேள்வியை இந்த வழக்குக்குப் பிறகு என்னால் தள்ளிவைக்க முடிவதில்லை. செத்தவர்களுக்குச் சமமானவர் ஒருவர்கூட அந்தப் பெட்டியில் இல்லை.

இப்போது சட்டம் இயற்றும் இடத்துக்கு வருவோம். அங்கேயும் சாமானியர்கள்தான். எம்.பி. ஆகச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, அது சரியும்கூட. நாய் கடித்த செய்திகள் பத்திரிகையில் பெருகியதும் 1991-ல் சில வாரங்களில் ஆபத்தான நாய்கள் சட்டம் கொண்டுவந்தார்கள். பிட்புல் 'வகை' என்றால் என்ன என்று எழுதவில்லை. உன் நாய் அந்த வகை இல்லை என்று நீயே நிரூபி என்றார்கள். மாஜிஸ்திரேட்டுகள் நாயின் மண்டை அகலத்தையும் கால் நீளத்தையும் பற்றி நிபுணர்கள் சண்டை போடுவதைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து கேட்டார்கள். அவசரத்தில் இயற்றும் சட்டத்தின் கூலியைக் கொடுப்பது எப்போதும் கீழ்க்கோர்ட்.

நாய்ச் சட்டம் சிரிப்பு. அஞ்சலக வழக்கு சிரிப்பில்லை. கணினி சொல்வதைச் சாட்சியமாக வைக்க வேண்டுமானால், அந்தக் கணினி சரியாக வேலை செய்தது என்று காட்ட வேண்டும் என 1984 சட்டம் ஒன்று சொன்னது. தொல்லையாக இருக்கிறது என்று 1999-ல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். எதிர்ச் சான்று வந்தால் ஒழிய, கணினி சரி என்றே வைத்துக்கொள்ளலாம். அதே 1999-ல்தான் ஹொரைஸன் என்ற கணக்கு மென்பொருள் பிரிட்டிஷ் அஞ்சலகங்களுக்கு வந்தது. கிராமத்துக் கடையோடு சேர்த்து அஞ்சலகம் நடத்தியவர்களின் கணக்கில் இல்லாத பள்ளங்களை அது காட்டியது. 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் திருடர்கள், பொய்க்கணக்கு எழுதியவர்கள் என்று தண்டனை பெற்றார்கள். பலர் சிறைக்குப் பயந்து செய்யாததை ஒப்புக்கொண்டார்கள். மறுத்துப் போராடியவர்களில் சிலரை ஜூரியே குற்றவாளி என்றது. இந்தியாவிலிருந்து போய்க் கடை வைத்த குடும்பங்களும் அதில் உண்டு.

ஜூரியைத் திட்டலாம். ஆனால் அவர்கள் முன் வைத்தது என்ன? இயந்திரம் தப்பு செய்யாது என்ற அனுமானம், தப்பு செய்ததற்கான ஆவணங்களை அஞ்சலக நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்ட நிலை. தெருவில் நடந்த பிரசங்கத்தைப் புஷலால் மதிப்பிட முடிந்தது. தன்னிடம் காட்டாத பிழைப்பட்டியலை எப்படி மதிப்பிடுவார்? பிறகு 2024 ஜனவரியில் இதைப் பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்து நாடே கொதித்தது. மே மாதம் நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை ரத்து செய்தது. நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டமன்றம் மொத்தமாகத் துடைப்பது அந்த நாட்டில் கேள்விப்படாத காரியம். அப்பீல் கோர்ட் ஏற்கெனவே தள்ளுபடி செய்தவர்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. அதாவது, முன்னாலேயே போராடித் தோற்றவர்கள் வரிசைக்கு வெளியே நின்றார்கள்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். 2015 முதல் ஒரு புதிய முறை இருக்கிறது. டி.வி. லைசென்ஸ் இல்லை, வண்டி வரி கட்டவில்லை, ரயிலில் டிக்கெட் எடுக்கவில்லை என்பன போன்ற வழக்குகளுக்கு மூன்று பேர் தேவையில்லை. ஒரே மாஜிஸ்திரேட், மூடிய அறை, முன்னால் கம்ப்யூட்டர் திரை. குற்றம் சாட்டப்பட்டவர் வரமாட்டார், அரசு வக்கீலும் வரமாட்டார். தபாலில் வந்த நோட்டீஸுக்கு 21 நாளுக்குள் பதில் இல்லையென்றால் அந்தத் தாள்களை வைத்தே தீர்ப்பு. மறதி நோயில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள் எல்லாம் தண்டனை பெற்றதைப் பத்திரிகைகள் வெளிக்கொண்டுவந்தன. 2024 ஆகஸ்டில் தலைமை மாஜிஸ்திரேட் பால் கோல்ட்ஸ்பிரிங் ஓர் உத்தரவு போட்டார். ரயில் கம்பெனிகள் 1889 சட்டத்தின்கீழ் இந்த வழியில் தொடுத்த வழக்குகள் செல்லாது. அந்தக் குற்றத்தை இப்படி விசாரிக்க அவர்களுக்குச் சட்டம் அனுமதி தரவே இல்லை. ஏறத்தாழ 74,000 வழக்குகள். பல ஆண்டுகளாக ஒவ்வொரு தாளிலும் ஒரு சாமானியர் 'குற்றவாளி' என்று பதிந்திருக்கிறார். பக்கத்தில் மல்லுக்கட்ட இன்னொரு மாஜிஸ்திரேட் இல்லை, எதிரே மறுக்க ஆளில்லை. திறந்த கோர்ட்டில் ஒரே ஒரு வக்கீல் எழுந்து 'எந்தச் சட்டத்தின்படி?' என்று கேட்டிருந்தால் இது அன்றே நின்றிருக்கும். இதையும் சாமானியர் நீதி என்று கணக்கில் சேர்க்கிறார்கள். நான் சேர்க்க மாட்டேன்.

ஜூரியைக் குறைக்கும் முயற்சி புதிதில்லை. 1999-லும் 2000-லும் உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா இரண்டு மசோதாக்கள் கொண்டுவந்தார். இரண்டையும் தோற்கடித்தது பிரபுக்கள் சபை. 2007-ல் மோசடி வழக்குகளில் ஜூரியை எடுக்கும் மசோதாவுக்கும் அதே கதி. மக்கள் தேர்ந்தெடுத்த சபை மக்களின் ஜூரியை வெட்டப் பார்க்கிறது. யாரும் தேர்ந்தெடுக்காத சபை அதைக் காப்பாற்றுகிறது. இந்த வேடிக்கையை விளக்க எனக்குக் கோட்பாடு எதுவும் இல்லை.

2025-ல் கிரௌன் கோர்ட்டில் தேங்கியிருந்த வழக்குகள் 80,000-ஐ நெருங்கின. அந்த ஆண்டு ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி சர் பிரையன் லெவிசன் ஒரு வழி சொன்னார்: நடுத்தரமான குற்றங்களை ஒரு நீதிபதியும் இரண்டு மாஜிஸ்திரேட்டுகளும் சேர்ந்து விசாரிக்கட்டும். டிசம்பரில் நீதித் துறை அமைச்சர் டேவிட் லாமி ஒரு படி மேலே போனார். மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை வராது என்று தோன்றும் வழக்குகளில் நீதிபதி ஒருவரே போதும் என்றார். இதே லாமி 2017-ல் எழுதிய அறிக்கையில், கறுப்பினத்தவரும் சிறுபான்மையினரும் பாரபட்சம் இல்லாமல் நடத்தப்படும் இடம் என்று ஜூரியைத்தான் எடுத்துக்காட்டினார். செரில் தாமஸின் ஆய்வு அதற்கு ஆதாரம்.

தேக்கத்துக்குக் காரணம் 12 பேர் பேசுவதா? கோவிட் காலத்தில் கோர்ட்டுகள் மூடிக் கிடந்தன. நிதி இல்லையென்று கோர்ட் நடக்கும் நாட்களுக்கே அரசு வரம்பு வைத்தது. 2022-ல் குற்றவியல் பாரிஸ்டர்கள் கட்டணம் போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள்; பலர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார்கள். ஜூரியை எடுத்துவிட்டாலும் இவற்றில் ஒன்றும் மாறாது. தனி நீதிபதி காரணங்களோடு தீர்ப்பு எழுதுவார் என்பது உண்மையான லாபம், மறுக்கவில்லை. பாகவதர் வழக்கில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டுமென்றால் லெவிசன் சொன்னதே மேல். இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் பக்கத்தில் உட்கார்ந்தால், நீதிபதி உள்ளறையில் குறைந்தது இரண்டு பேருக்காவது தன் வாதத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும். அவர்கள் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் அவர் தோற்பார். அந்த இரண்டு நாற்காலிக்கு 14,000 பேரிலிருந்து ஆள் கிடைப்பார்களா, அவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் லண்டனில் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.

நேரம் கடந்துவிட்டது. உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.